எடைக்கல்லுக்கு லீவு

தராசு ரிப்பேர் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் அந்த மெக்கானிக்குக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. மற்றபடி கடையிலும் தெருவிலும் அவர் எடைக்கல் அண்ணன்தான். ஆள் பெருத்தவர் என்பதால் கேலியாக வைத்த பெயர் என்று நீங்கள் நினைத்தால் அது பாதி உண்மை. மீதிப் பாதி தொழில் மரியாதை.

ஆட்களும் மூட்டைகளும் ஏறுகிற மேடைத் தராசைப் பழுது பார்த்து முடித்தால், சரியாகக் காட்டுகிறதா என்று கடைசியில் ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இருபது கிலோ இரும்புக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்ற வேண்டும். ஆறேழு கல் ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். நம் ஆள் அதற்கு ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் கடையிலிருக்கும் அரசு முத்திரை போட்ட தராசில் ஏறித் தன் எடையைப் பார்த்துக்கொள்வார். நூற்று முப்பத்தொன்று. பல வருஷங்களாக அதே நூற்று முப்பத்தொன்று. அப்புறம் நாள் முழுக்கக் கற்களைத் தொடமாட்டார். ரிப்பேரான தராசில் தானே ஏறி நிற்பார். கை தன்பாட்டில் தராசின் எண் பெட்டியில் ஒன்று, மூன்று, ஒன்று என்று அழுத்தும். இவ்வளவு கனம் ஏறினால் இந்த எண் என்று தராசு கற்றுக்கொள்ளும். செய்யக் கூடாத வேலைதான். ஆனால் ஒரு தராசுகூடத் தப்பாகத் திரும்பி வந்ததில்லை. "மத்த கடையில கல்லைத் தூக்கணும். நம்ம கடையில கல்லு தானா நடந்து வந்து ஏறிக்கும்" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார்.

அந்தக் கல்லுக்குத்தான் முழங்கால் தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய், இரைப்பையில் முக்கால் பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு வந்தார். இனி எடை நிற்காமல் இறங்கும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார்.

அறுத்தது சுலபம். எப்போது வேலைக்குத் திரும்புவது என்பதில்தான் சண்டை வந்தது. பத்து நாள் போதும் என்றார் முதலாளி. மூன்று மாசம் ஆகட்டும் என்றார் மனைவி. அவர் கணக்கு டீச்சர். புருஷனைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். கணக்கு டீச்சரிடம் கணக்குப் பேசி யாரும் ஜெயித்ததில்லை என்பதால், நம் ஆள் வழக்கை டாக்டரிடம் கொண்டுபோனார்.

"மூணு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வாங்க" என்றார் டாக்டர். "எடை ஒழுங்கா இறங்கி, புண்ணும் ஆறியிருந்தா, உட்கார்ந்து பாக்குற வேலைக்கு அடுத்த திங்கட்கிழமையே போகலாம். கனம் தூக்குறது மட்டும் ஆறு வாரம் கழிச்சுதான். அதுவரைக்கும் தினம் ஒரு மணி நேரம் நடங்க. வீட்ல எடை பாக்காதீங்க. பாத்தா மனசு அலையும்."

"இறங்கலன்னா?" என்று டீச்சர் கேட்டார்.

"இறங்கலன்னா ஏதோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம். அப்ப வேலையைப் பத்திப் பேசவே வேணாம்."

டீச்சர் அன்றைக்கே வீட்டுத் தராசைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு நாளையும் தன் எடையைப் பார்த்தே தொடங்கிய மனுஷருக்கு, தான் எத்தனை கிலோ என்று தெரியாமல் நாள் போனது. அந்த எரிச்சலையெல்லாம் மற்ற பொருள்கள்மேல் காட்டினார். கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிப் பார்த்து எடை சொன்னார். வெங்காயம் எண்பது கிராம். தலையணை அறுநூறு. மனைவியின் கைப்பை இரண்டே கால் கிலோ, அதில் ஒரு கிலோ தேவையில்லாத காகிதம். நடுநடுவே அரை டம்ளர் சூப்பை அரை மணி நேரம் குடித்தார். இன்னும் பதினெட்டு நாள், பதினேழு நாள் என்று கடையை நினைத்து ஏங்கினார். வேலைக்குப் போகாத உடம்பு தன்னுடைய உடம்பே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

பதினைந்தாம் நாள் முதலாளி போனில் குழைந்தார்.

"ஒரே ஒரு மணி நேரம்ப்பா. நாற்காலியில உட்கார்ந்தே பாரு, ஒண்ணும் தூக்க வேணாம். இன்னொரு மெக்கானிக் காய்ச்சல்ல படுத்துட்டான். ஆஸ்பத்திரித் தராசு மூணு நாளா இங்கயே கிடக்குது. போன் மேல போன் போடுறாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"உன்னை அறுத்த ஆஸ்பத்திரிதான்."

அதற்கப்புறம் மனுஷருக்கு இருப்புக்கொள்ளுமா? நடக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பூங்காவுக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேரே நடந்தார். கடைக்குள் நுழைந்ததும் எண்ணெயும் ஈயப்பற்றும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் அவர் மறுப்பார். ஆனால் கலங்கியது.

தராசைக் கவிழ்த்து, உள்ளே அறுந்திருந்த கம்பியைப் பற்றவைத்தார். முதலாளியும் அவருமாகச் சாய்த்துத் திரும்ப நிமிர்த்தினார்கள். ஒத்துப் பார்ப்பதுதான் பாக்கி. முதலாளி டீ குடிக்கப் போய்விட்டார். இரும்புக் கற்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. டாக்டர் பேச்சை மீறுகிறவர் இல்லை நம் ஆள், தூக்கக் கூடாது என்றால் தொடவே மாட்டார். ஆகவே வழக்கம்போல மேடையில் ஏறினார். சரியாக அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"பூங்காவில."

"மூச்சு வாங்குதா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"இல்ல, இல்ல. சும்மா நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

நின்றுகொண்டுதான் இருந்தார், அதில் பொய் இல்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, பல வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டில் ஒன்று, மூன்று, ஒன்று என்று அழுத்தியது. அறுவைக்கு முன்னால் வெறும் திரவ உணவில் ஐந்து கிலோ, அறுவைக்குப் பின்னால் ஒன்பது கிலோ என்று அவர் அன்றைக்கு நூற்றுப் பதினேழுக்கு வந்திருந்தார். வாய் மனைவியிடம் புளுகிய அதே நேரத்தில் கை தராசிடம் புளுகிவிட்டது. கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வண்டி வந்து தராசை ஏற்றிக்கொண்டு போனது.

ரிவ்யூ நாள் வந்தது. டீச்சரும் அவரும் ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எடை பார்க்கும் அறை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'உணவுக் கட்டுப்பாட்டை மீறுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.' அதன் கீழே, உணவு ஆலோசகரான அந்த அம்மா சோர்ந்துபோய் நின்றிருந்தார்.

"இந்த ஒரு வாரமா யாருமே ஒழுங்கா இல்லைங்க" என்று டீச்சரிடம் அழாத குறையாகச் சொன்னார். "வர்றவங்க எல்லாருக்கும் எடை கூடியிருக்கு. நான் என்ன சொல்லிக் குடுத்தேன், இவங்க என்ன சாப்பிடுறாங்கன்னே தெரியல. ராஜினாமா பண்ணிடலாமான்னு பாக்குறேன்."

"எங்க வீட்டுக்காரர் அப்படி இல்ல" என்றார் டீச்சர். "ஒவ்வொரு ஸ்பூனும் நான் அளந்து குடுத்தது."

அந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பீரமாக மேடையில் ஏறினார். நூற்று இருபத்தேழு புள்ளி ஆறு என்று காட்டியது.

நர்ஸ் கோப்பைப் பார்த்தார். "அட்மிஷன் அன்னைக்கு நூத்து இருபத்தாறு. ஒண்ணரை கிலோவுக்கு மேல ஏறியிருக்கு."

டீச்சர் புருஷனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தப்பான விடைக்கு மாணவன் எந்த வழியில் போய்ச் சேர்ந்தான் என்று தேடுகிற பார்வை அது.

"ஒரு மணி நேரம் நடக்கப் போறேன்னு போனீங்களே தினமும். எங்க போய் என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"சாப்பிடாம எப்படி ஏறும்? காத்தைக் குடிச்சா?"

"சத்தியமா ஒரு வாய் தண்ணிகூட வெளிய குடிக்கல."

அவருக்கே குழப்பம். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருக்கிறார். அப்படியிருக்க எடை எப்படி ஏறும்? டாக்டர் கூப்பிடும்வரை கூடத்தில் உட்காருங்கள் என்றார்கள். பக்கத்து நாற்காலியில் அவரோடு ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட பேக்கரி அம்மா உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷமாகச் சொந்தமாகப் பேக்கரி நடத்துகிறவர். துணைக்கு வந்திருந்த அவருடைய அண்ணன், கூடமே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாலுல போனவ, நூத்தி அஞ்சேகால்ல நிக்கிற. இவ்ளோ கஷ்டப்பட்டு அறுத்தது இதுக்குத்தானா?"

"ஒரு பன்னைக்கூட மோந்து பாக்கலண்ணே."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? உனக்குக் கடைக்குத் திரும்பற ஆசையே வேணாம். கடையைக் கேட்டு ஒருத்தர் அலையுறார்ல, இன்னைக்கே அவருக்குப் பேசி முடிச்சுடுறேன். நீயும் ஒத்துக்கிட்டதுதானே, எடை இறங்கினா கடை, இல்லன்னா இல்லன்னு."

பேக்கரி அம்மா அழுதார். மாவு பிசைந்து பிசைந்து திரண்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்கக்கூடச் செய்யாமல் அழுதார்.

மெஷின் பொய் சொல்லுதா என்ற அந்தக் கேள்வி நம் ஆளுக்கு எங்கேயோ போய்த் தட்டியது. மேடையில் தான் ஏறி நின்றதும், போன் அடித்ததும், விரல் போன இடங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஒன்று. மூன்று. ஒன்று.

பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து, மாடிப்படி ஓரமாகப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட முதலாளி பதறவில்லை.

"வாயைத் திறக்காத. நாளைக்கு நானே வந்து, சர்வீஸ்னு சொல்லி தராசை எடுத்துட்டு வந்துடுறேன். சரி பண்ணித் திரும்ப வெச்சுடலாம். எல்லாருக்கும் ஒரே நாள்ல எடை இறங்கும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தால் நல்ல திட்டம்தான். டீச்சருக்குத் திருட்டு வேலை தெரியவராது. அடுத்த வாரம் இன்னொரு முறை எடை பார்க்கச் சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடுவார், வேலைக்கும் போய்விடலாம். அதுவரை திருடித் தின்றவன் என்ற பெயரோடு ஒரு வாரம் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். தின்னாமலே தின்றவன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார்.

பேக்கரி அம்மாவின் அண்ணன் போனை எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சரியாகிற தராசு இன்றைக்குக் கைமாறுகிற கடையைத் திருப்பித் தராது. இத்தனை வருஷத்தில் தன் தராசு ஒரு மனுஷரை அழவைத்து நம் ஆள் பார்த்ததில்லை.

"ஐயா, அந்த போனைக் கொஞ்சம் வைங்க" என்றார். பிறகு கூடத்தைப் பொதுவாகப் பார்த்து, "யாருக்கும் எடை ஏறல. தப்பு தராசுல. தராசுல தப்பு என் கையால வந்தது" என்றார்.

நர்ஸ் வந்தார், உணவு ஆலோசகர் வந்தார், சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார். எல்லாருக்கும் முன்னால் முழுக் கதையையும் சொன்னார். பூங்கா, போன், நூற்று முப்பத்தொன்று எதையும் விடவில்லை. மனைவி பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"இதை எப்படி நம்புறது?" என்றார் அண்ணன்காரர்.

"குடிக்கிற தண்ணி கேன் ஒண்ணு கொண்டு வரச் சொல்லுங்க. மூடி உடைக்காதது. இருபது லிட்டர் தண்ணி, கேனோட சேத்து இருபது கிலோ எண்ணூறு கிராம். நூறு தடவை எடை போட்டுப் பாத்திருக்கேன்."

ஊழியர் ஒருவர் கேனைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இருபத்துமூன்று புள்ளி மூன்று.

உணவு ஆலோசகர் பெருமூச்சு விட்டு, நேரே போய் வாசல் அறிவிப்பைக் கிழித்தார். அண்ணன்காரர் மட்டும் அசரவில்லை.

"சரி, தராசு கூடக் காட்டுதுன்னே வெச்சுக்கலாம். என் தங்கச்சி இப்ப எத்தனை கிலோ? அதைச் சொல்லுங்க."

டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கிழிந்து கிடந்த அறிவிப்பின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"நூத்தி அஞ்சு புள்ளி ரெண்டா காட்டுச்சு? அதை இருபது புள்ளி எட்டால பெருக்கி, இருபத்துமூணு புள்ளி மூணால வகுக்கணும்." பேனா ஓடியது. "தொண்ணூத்திமூணு புள்ளி ஒன்பது. பத்து கிலோ இறங்கியிருக்காங்க."

பேக்கரி அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி அண்ணனிடம் நீட்டினார். "படிண்ணே. சத்தமா படி" என்றார். அவர் சத்தமாகப் படிக்க வேண்டியதாயிற்று. படித்து முடித்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரம் எடை பார்த்தவர்கள் இன்னும் ஐந்து பேர் கூடத்தில் இருந்தார்கள். ஐந்து பேரும் டீச்சர் முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசிக் கணக்காகப் புருஷனுடையதைப் போட்டார். நூற்றுப் பதின்மூன்று புள்ளி ஒன்பது. அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, காகிதத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பன்னெண்டு கிலோ. ரொம்ப நல்ல இறக்கம்" என்றார் டாக்டர். "புண்ணும் ஆறியிருக்கு. நீங்க பண்ணது பெரிய தப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நான் சொன்ன சொல்லு சொல்லுதான். உட்கார்ந்து பாக்குற வேலைக்கு திங்கட்கிழமை போகலாம்."

மூன்று வாரமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மனுஷர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சூப் குடித்தார். இப்போது வலது கையை விரித்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம் டாக்டர். ஆறு வாரமே ஆகட்டும்."

"ஏன்? உடம்பு சரியாத்தானே இருக்கு?"

"உடம்பு சரியா இருக்கு. கைதான் இன்னும் பழைய ஆளாவே இருக்கு. கல்லைத் தூக்க முடியாத நிலையில கடைக்குப் போனா, மறுபடியும் ஏறி நிக்கத்தான் தோணும். தூக்கலாம்னு நீங்க எழுதிக் குடுக்குற அன்னைக்குப் போறேன். போய் இரும்புக் கல்லையே தூக்கி வெச்சு வேலை பாக்குறேன்."

டாக்டர் எழுதினார். முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னார்கள். இருபது வருஷமாகக் கல்லையே தொடாத அந்த முதலாளி, அன்று மத்தியானமே ஏழு கற்களை ஒவ்வொன்றாகத் தானே சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து தராசைச் சரி செய்தாராம். மறுநாள் அவர் இடுப்புக்கும் டாக்டர் தேவைப்பட்டது.

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் ஒரு கை தள்ளியே உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ்கள் வந்து போயின. அவர்கள் பஸ் வரவில்லை.

"கோபமா?" என்று நம் ஆள் கேட்டார்.

"சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டேன். வேலைக்குப் போனீங்களான்னு எனக்குக் கேக்கவே தோணல பாருங்க. அவ்ளோ முட்டாளா இருந்திருக்கேன்."

"தப்புதான்."

"நீங்க எப்ப வேலைக்குப் போவீங்கன்னு உங்க முதலாளி கேட்டார். டாக்டர் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்டாங்க." டீச்சர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கும் ஒரு வேலை இருக்கு. பத்தாம் வகுப்புக்கு அடுத்த வாரம் பரீட்சை. நான் எப்பப் போவேன்னு ஒருத்தர் கேக்கல. நீங்களும் கேக்கல."

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டிலிருந்த நாளெல்லாம் தன் திங்கட்கிழமையைத்தான் எண்ணியிருக்கிறார். மனைவிக்கும் ஒரு திங்கட்கிழமை உண்டு என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"எப்பப் போற?" என்று கேட்டார். தாமதமான கேள்வி, ஆனாலும் கேட்டார்.

"எப்படிப் போறது? ஆபரேஷன் அன்னைக்கு தியேட்டர் கதவு மூணு மணி நேரம் திறக்கல. அந்த பயம் இன்னும் என் வயித்துல இருக்கு. உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு இருந்தேன். நீங்க என்னடான்னா பூங்கான்னு சொல்லிட்டுப் போறீங்க."

"ஒரு ஆஸ்பத்திரியே கேக்குற மாதிரி ஒத்துக்கிட்டேனே. இனிமே புளுகினா எனக்கே வெக்கமா இருக்கும்."

டீச்சர் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை.

"நீ திங்கட்கிழமை போ" என்றார் அவர். "சூப்பை நானே வெச்சுக்குறேன். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவ?"

"பரீட்சை முடியுற வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. ஆறு ஆகும்."

"ஆறா?"

"ஆறுதான். என்ன, வெளிய பூட்டிட்டுப் போகட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. டீச்சர் எழுந்தார். பையைத் திறந்து, வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு முதலில் ஏறினார்.